காலண்டர் அழைப்புக்கு யாரும் பதில் போடாததற்கு யார் காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். வீட்டு வளைகாப்புக்கு போன் காலண்டரில் இருந்தே எல்லாருக்கும் அழைப்பு அனுப்பினாராம், பாதிப் பேர் பதிலே போடவில்லையாம், வருகிறேன் என்று போட்டவர்களில் சிலர் வரவும் இல்லையாம், நம் ஜனங்களுக்கு இதெல்லாம் பழக இன்னும் காலம் ஆகும் என்று முடித்திருந்தார். நம் ஜனங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த ஆப்பைச் செய்தவர்களை நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நானும் அந்தச் செய்தவர்களில் ஒருவன்தான். நீடாமங்கலம் பக்கம் வீட்டில் இருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறேன், பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் காலண்டரில் அழைப்பு அனுப்புவது, தேதி பொருத்துவது இரண்டும் எங்கள் குழுவின் பொறுப்பு.

இன்றைக்கு எந்தக் காலண்டர் ஆப்பை எடுத்தாலும் அழைப்பின் அடியில் மூன்று பொத்தான்தான் இருக்கும். வருகிறேன், வரவில்லை, வந்தாலும் வருவேன். இதற்கு அடியில் இருப்பது 1998ல் வந்த ஐகாலண்டர் என்ற பொதுத் தரம், அதாவது எல்லாக் காலண்டர் ஆப்களும் ஒன்றோடு ஒன்று பேச வகுத்த விதிகள், 2009ல் ஆர்எஃப்சி 5545 என்று புதுப்பித்தார்கள் (ஆர்எஃப்சி என்பது இணையத் தர ஆவணங்களுக்கு எண்ணோடு போடும் பெயர்). ஆபீஸ் மீட்டிங்கை மனதில் வைத்து எழுதியது என்று படித்தாலே தெரியும். அழைக்கப்படுகிறவர் என்றால் ஒரு ஆள், ஒரு ஈமெயில் முகவரி, ஒரு பதில். நம் ஊரில் அழைப்பு ஆளுக்கா போகிறது, வீட்டுக்குப் போகிறது. ஈமெயில் இருப்பது திருச்சியில் காலேஜ் படிக்கும் பையனிடம், போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவன் அம்மா, அவனுக்கு அழைப்பு வந்ததே அம்மாவுக்குத் தெரியாது. அவன் வருகிறேன் என்று அழுத்தினால் ஒருவர் என்று கணக்காகும், வந்து இறங்குவது ஐந்து பேர். சமையல்காரர் கேட்பது எத்தனை இலை என்று, அதைச் சொல்ல அந்தப் பொதுத் தரத்தில் ஒரு கட்டம் கூடக் கிடையாது. கூகுள் தன் பங்குக்கு கூட வருபவர் எண்ணிக்கையைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறது, அது மற்ற ஆப்களுக்குப் புரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டுக்கு ஒரு பதில், அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் போடலாம், எத்தனை பேர் என்று ஒரு எண் என்று மாற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை.

அடுத்தது அழைக்கப்பட்டவர் பட்டியல். பல ஆப்களில் அது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தானாகவே ஆன் ஆகியிருக்கும், அனுப்புகிறவர் தேடிப்போய் அணைத்தால்தான் உண்டு. மீட்டிங்குக்கு அது சரி, யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்தால் நல்லது. ஒரு வளைகாப்புக்கு யோசித்துப் பாருங்கள். பெரியப்பா பேர் எட்டாவதாக இருக்கிறது, சின்ன அத்தை வீட்டுப் பேர் இல்லவே இல்லை (அவர்களை நேரில் போய் அழைப்பதாக இருந்தது, அதனால்தான் சேர்க்கவில்லை, ஆனால் இதை யார் போய் விளக்குவது?). வரவில்லை என்று ஒருவர் அழுத்தினால் அதையும் அத்தனை சொந்தக்காரர்களும் பார்ப்பார்கள். குங்குமம் கொடுத்து அழைத்தவரிடமே முகத்துக்கு நேரே வர முடியாது என்று சொல்லாத மனுஷர்கள் நாம், ஊரறிய எப்படி அழுத்துவார்கள்? ஒன்று பேசாமல் இருப்பார்கள், இல்லை வருகிறேன் என்று அழுத்திவிட்டு வராமல் இருப்பார்கள். உங்கள் வாசகருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். விசேஷ அழைப்பு என்றால் பதில் அழைத்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இதைப் படித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் பத்திரிகையைப் படமாக அனுப்பினால் போதாதா என்று யாராவது கேட்கலாம். போதும், நேரம் மாறாதவரை. மாறிவிட்டால் பழைய படத்தைத் திரும்ப வாங்க முடியாது, மூன்று குரூப் தாண்டிப் போயிருக்கும், ஒருவர் கையில் புதுசு, இன்னொருவர் கையில் பழசு. காலண்டர் அழைப்பு அப்படி இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாறாத ஒரு அடையாள எண் உண்டு, கூடவே இது எத்தனையாவது திருத்தம் என்று ஒரு வரிசை எண்ணும் உண்டு. நேரத்தை மாற்றினால் வரிசை எண் ஒன்று கூடும், வாங்கியவர் போனில் பழைய பதிவின் மேலேயே புதியது உட்காரும். 2012ல் வந்த ஆர்எஃப்சி 6638 இன்னும் ஒரு படி மேலே போகிறது: தேதியோ நேரமோ மாறினால், ஏற்கெனவே வருகிறேன் என்று சொன்னவர்களின் பதிலையும் அழித்துவிட்டு மறுபடி கேட்கச் சொல்கிறது. நியாயம்தானே, ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி என்றவர் புதன்கிழமைக்கும் சரி என்று எப்படி எடுத்துக்கொள்வது? இவ்வளவு நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள், திரையைச் செய்கிற நாங்கள் கெடுக்கிறோம். மண்டபத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டு என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் கூட அத்தனை பேருக்கும் நோட்டிபிகேஷன் போகிற ஆப்கள் இருக்கின்றன. நாலு தடவை இப்படி வந்தால் ஐந்தாவதை யாரும் திறக்க மாட்டார்கள், அந்த ஐந்தாவதில்தான் நேரம் மாறியிருக்கும்.

ஆனால் டெல்டாவுக்காரனாக என்னை ரொம்பப் படுத்துவது வேறு. ஆப் முதலில் கேட்பதே தேதி என்ன, மணி என்ன என்றுதான், நம் வேலைகளில் பாதிக்கு அது கடைசியில் தெரிகிற விஷயம். மேட்டூரை ஜூன் 12ல் திறப்பது வழக்கம், 2022ல் மே 24லேயே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28 ஆகிவிட்டது. அங்கே இருந்து கல்லணை வந்து, அப்புறம் கடைமடைக்கு எப்போது வரும் என்பது வாய்க்கால் தூர் வாரிய லட்சணத்தைப் பொறுத்தது. நாற்றங்கால், உழவு, நடவு ஆள் எல்லாம் அதற்குப் பின்னால்.

எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து அறுவடை மிஷினுக்கு ஒரே காலண்டர் வைத்திருக்கிறார்கள். தை மாதம் அதைத் திறந்தால் கட்டம் கட்டமாக அழகாக இருக்கும், காலை 8 முதல் 11 கீழத்தெரு, 11 முதல் 2 வடக்குவெளி என்று. எட்டு மணிக்கு எந்த மிஷினாவது வயலில் இறங்குமா? பனி காய வேண்டும், கதிர் ஈரம் போக வேண்டும். ராத்திரி ஒரு தூறல் போட்டால் அன்றைய நாளே போச்சு, வயலில் ஈரம் நின்றால் டயர் வண்டி ஆகாது, பெல்ட் வண்டிதான் வேண்டும், அது எங்கேயோ மன்னார்குடிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் கட்டத்தை ஒருவர் நகர்த்தினால் பின்னால் இருக்கிற எதுவும் நகராது, ஒவ்வொன்றாக இழுத்துப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மணி அடிக்கும். கடைசியில் என்ன ஆகிறது? எல்லாரும் டிரைவருக்கே போன் போடுகிறார்கள், அவர் வண்டி சத்தத்தில் எடுப்பதில்லை.

அவர்களுக்கு வேண்டியது கடிகார நேரம் இல்லை, வரிசை. உங்களுக்கு முன்னால் இரண்டு பேர், முதல் வயல் முடிந்தது, அடுத்தது ஓடுகிறது, அவ்வளவுதான். இதுவும் ஒன்றும் புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2022ல் வந்த ஆர்எஃப்சி 9253ல் ஒரு நிகழ்ச்சி முடிந்த பிறகு, வேண்டுமானால் இத்தனை நேரம் விட்டு, இன்னொன்று தொடங்கும் என்று இரண்டையும் இணைக்க வழி இருக்கிறது. நிகழ்ச்சியே இன்னும் உறுதியாகவில்லை என்று குறிக்கும் வசதி முதல் தரத்தில் இருந்தே உண்டு. வருகிறவர் சந்தேகம் வேறு, நிகழ்ச்சியே சந்தேகம் வேறு இல்லையா? முதலாவதற்குப் பொத்தான் வைத்தவர்கள் இரண்டாவதை மறந்துவிட்டார்கள். திரையில் அந்தக் கட்டத்தை வெளிறிய நிறத்தில் காட்டி, முடிவாகும்போது மட்டும் ஒரு தடவை மணி அடித்தால் போதும்.

தமிழ்த் தேதிக் கதையும் இதே மாதிரிதான். ஆண்டுதோறும் திரும்ப வரும் என்று தட்டினால் ஆப் ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொள்ளும். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2லோ 3லோ வரும், அதையாவது சமாளிக்கலாம். அப்பாவின் திதி ஐப்பசி தேய்பிறைப் பஞ்சமி என்றால் என்ன செய்வது? 2015ல் மற்ற நாள்காட்டிகளின்படி திரும்ப வருவதற்கு ஒரு தரம் போட்டார்கள், அதில் சீனம், எபிரேயம் எல்லாம் வரும், நம் ஆடி ஆவணி வராது. வந்தாலும் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை, வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று ஆப் முடிவு செய்தால் வீட்டுக்கு வீடு சண்டைதான். தேதிகளைப் பட்டியலாகவே கொடுக்க பழைய தரத்திலேயே இடம் உண்டு. வாத்தியார் பார்த்துச் சொன்ன அடுத்த ஐந்து வருஷத் தேதிகளை ஒரே நிகழ்ச்சியின் கீழ் உள்ளிட ஒரு திரை கொடுத்தால் வேலை முடிந்தது.

ரிமைண்டர் பற்றி ஒரே வரி. விடியற்காலை 4.30 முகூர்த்தத்துக்கு நாலு மணிக்கு மணி அடிப்பவனை எதில் சேர்ப்பது? முதல் நாள் சாயங்காலமே சொல்ல வேண்டாமா?

கடைசியாக உங்களிடமே ஒன்று கேட்கிறேன். உங்கள் இணையப் பக்கத்தில் தினமும் மின்தடை அறிவிப்பு, முகூர்த்த நாள், ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் தேதி எல்லாம் போடுகிறீர்கள், படமாகவும் பத்தியாகவும். அதையே ஐசிஎஸ் கோப்பாகவும் (ஐகாலண்டர் தரத்தில் எழுதிய கோப்பு, எந்தக் காலண்டர் ஆப்பும் படிக்கும்) கொடுத்து, வேண்டியவர்கள் தங்கள் காலண்டரில் இணைத்துக்கொள்ள ஒரு முகவரி வைத்தால், நீங்கள் இங்கே தேதியைத் திருத்தும்போது அங்கேயும் தானாக மாறிவிடும். மாவட்டத்துக்கு ஒன்றாக இருந்தால் நல்லது, திருவாரூர்க்காரனுக்கு கும்பகோணத்து மின்தடை எதற்கு? உங்கள் இணையப் பிரிவில் யாராவது செய்ய நினைத்தால் மாதிரிக் கோப்பு நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம்.