தம்பியின் வர்ஜீனியா கேஸும் நியூஜெர்சி கோர்ட்டும்

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம், சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடச் சொல். இங்கே மூத்தவள் காலேஜ் சேரப் போகிறாள், எனக்கு முழங்கால் வலி, வேறு விசேஷமில்லை. நேராக உன் தம்பி விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் நீ வீடு கட்டுகிற கதையை மூன்று பக்கம் எழுதிவிட்டு இதைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்திருக்கிறாய்.

வர்ஜீனியாவில் குடித்துவிட்டு ஓட்டியது வர்ஜீனியாவோடு போச்சு, நியூஜெர்சியில் ஒரு தடவைதானே மாட்டினான், லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன நேரத்தில் வண்டியை எடுத்ததற்கு ஃபைன் கட்டினால் முடிந்துவிடாதா என்று கேட்கிறாய். முடியாதுடா. கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்க்கப் போகிற இடத்தில் இதே கேள்வியைப் பலர் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஜட்ஜ் பதில் சொன்னதும் அவர்கள் முகம் போகிற போக்கையும் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸ் கொடுப்பது மாநிலம்தான், ஆனால் 1960களிலேயே மாநிலங்கள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஓர் ஓட்டுநர், ஒரு லைசென்ஸ், ஒரு ரெக்கார்டு என்பதுதான் அதன் கொள்கை. வெளி மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை வாங்கினால், சொந்த மாநிலம் அதைத் தன் எல்லைக்குள் நடந்தது போலவே எடுத்துக்கொள்ளும். ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் மாதிரி சில மாநிலங்கள் இதில் சேரவில்லை, ஆனாலும் லைசென்ஸ் பறிபோனவர்களைப் பற்றிய தேசியப் பதிவேடு தனியாக இருப்பதால் அங்கே போய் ஒளியவும் முடியாது. வர்ஜீனியாவும் நியூஜெர்சியும் இரண்டுமே உள்ளே இருக்கின்றன.

இதில் எனக்கே ஆச்சரியமான ஒன்று உண்டு. நியூஜெர்சியில் குடித்துவிட்டு ஓட்டுவது கிரிமினல் குற்றமே இல்லை, அது டிராஃபிக் குற்றம், முனிசிபல் கோர்ட்டில் ஜூரி இல்லாமல் முடிந்துவிடும். ஆனால் இரண்டாவது முறை மாட்டி, அதற்காக லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருக்கும்போது, ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் பால் வாங்க வண்டியை எடுத்தாலும் அது நாலாம் நிலைக் கிரிமினல் குற்றம். குறைந்தது 180 நாள் ஜெயில், பரோல் கிடையாது, மேலே 18 மாதம் வரை போகலாம். 2011 ஆகஸ்டிலிருந்து இதுதான் சட்டம். வேலைக்குப் போகிறேன், சனி ஞாயிறு மட்டும் வந்து உள்ளே இருக்கிறேன் என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள், மாநில உச்ச நீதிமன்றம் முடியாது, தொடர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

சரி, அந்த 'இரண்டாவது' எங்கிருந்து வருகிறது? அங்கேதான் உன் தம்பியின் வர்ஜீனியா கேஸ் உள்ளே நுழைகிறது. வெளி மாநிலத் தண்டனையையும் முதல் தடவையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழசு வர்ஜீனியாவில், புதுசு இங்கே, மொத்தம் இரண்டு. லேசான தண்டனையோடு போயிருக்க வேண்டியது அரை வருஷ ஜெயிலாக நிற்கிறது.

தப்பிக்க ஒரு சின்ன வழி சட்டத்திலேயே இருக்கிறது. வெளி மாநிலத் தண்டனை, ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்துக்குக் குறைவாக இருந்ததை மட்டுமே வைத்துக் கொடுக்கப்பட்டது என்று தெளிவாக நிரூபித்தால் அதைச் சேர்க்க மாட்டார்கள். நிரூபிக்கிற பொறுப்பு மாட்டியவன் தலையில்தான். நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு லேசான பிரிவு உண்டு, அங்கே அது கிரிமினல் குற்றமாகக்கூட வராது, அதனால் நம்மாட்கள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்கு வந்துவிடுகிறார்கள். பின்னால் இங்கே அதைக் கணக்கில் எடுக்காதே என்று வாதாட நினைக்கும்போது எண் எழுதிய காகிதம் வேண்டும், அன்றைக்கு மெஷினில் ஊத மாட்டேன் என்று சொன்னவனிடம் எண்ணே இருக்காது. உன் தம்பி ஊதினானா, எவ்வளவு காட்டியது? வர்ஜீனியா கோர்ட்டிலிருந்து அந்த ரெக்கார்டை வாங்கச் சொல். 0.08ஐத் தாண்டியிருந்தால் இந்த வாதத்தை மறந்துவிடு.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது தேதி. சஸ்பென்ஷன் எத்தனை மாதம் என்று ஜட்ஜ் போட்டார், போலீஸ் நிறுத்திய நாள் அதற்குள் வருகிறதா? காலம் முடிந்த பிறகும் கட்டணம் கட்டி லைசென்ஸைத் திரும்ப வாங்காமல் ஓட்டியிருந்தால் குற்றம்தான், ஆனால் அந்த 180 நாள் பிரிவு பொருந்தாது, இதற்கும் 2015இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஒரு வாரம் முன்னே பின்னே என்பதில் ஒருவனுடைய ஆறு மாதம் நிற்கிறது, வக்கீலிடம் முதலில் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

ஒழுங்காகத்தானே ஓட்டினான், எப்படிப் பிடித்தார்கள் என்று எழுதியிருந்தாய். நம்பர் பிளேட்டைப் போட்டுப் பார்த்தால் ஓனருடைய லைசென்ஸ் நிலவரம் போலீஸ் கம்ப்யூட்டரில் வந்துவிடும். ஓனருக்கு லைசென்ஸ் இல்லையென்றால், ஓட்டுவது வேறு ஆள் என்று தெரியாத வரைக்கும் வண்டியை நிறுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2020இல் சொல்லிவிட்டது.

பென்சில்வேனியாவுக்கு மாறிவிடலாமா என்று அவன் யோசிப்பதாக எழுதியிருக்கிறாயே, கெட்டிக்காரத்தனம்தான். அங்கேயும் குடிபோதைக் கேஸில் பறிபோன லைசென்ஸோடு ஓட்டினால் முதல் தடவையே 60 முதல் 90 நாள் ஜெயில், அந்த மாநிலங்கள் ஒப்பந்தத்தின் பேரைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அவன் எச்-1பி வேலை விசாவில்தானே இருக்கிறான்? குடித்துவிட்டு ஓட்டிக் கைதானாலே, தண்டனை வருவதற்கு முன்பே, பாஸ்போர்ட்டில் இருக்கிற விசாவைத் தூதரகம் ரத்து செய்யலாம். உள்ளே இருக்கிற வரை உடனே கிளம்பச் சொல்ல மாட்டார்கள், ஊருக்கு வந்தால் திரும்பிப் போகப் புது விசா எடுக்க வேண்டும். அதனால் கிரகப்பிரவேசத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் பார்க்கட்டும், கிரிமினல் வக்கீல் மட்டும் போதாது.

அதுவரை சாவியை அவன் பெண்டாட்டியிடம் கொடுக்கச் சொல். வேலைக்குப் போய்வர மட்டும் என்று தனி லைசென்ஸ் தருகிற வழக்கம் நியூஜெர்சியில் இல்லை, எடிசனில் ரயில் இருக்கிறது, ஊபர் இருக்கிறது, கூட வேலை செய்கிறவன் எவனாவது ஏற்றிக்கொள்வான். சம்மன், வர்ஜீனியா தீர்ப்பு, இங்கத்திய சஸ்பென்ஷன் உத்தரவு மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும், நான் வக்கீல் இல்லை, ஆனால் யாரைப் பார்க்கலாம் என்று சொல்ல முடியும்.

கான்கிரீட் போடுகிற தேதி முடிவானால் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய ரூம்மேட்