எலுமிச்சையும் சமையல் சோடாவும் முகத்துக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் இணைப்பில் எண்ணெய் வழியும் முகத்துக்கான குறிப்புகளைப் படித்தேன். எலுமிச்சைச் சாற்றை அப்படியே தேய்க்கவும், சமையல் சோடாவைக் குழைத்துப் பூசவும், பிசுபிசுக்கும் போதெல்லாம் சோப்பு போட்டுக் கழுவவும், மாய்ஸ்சரைசர் பக்கமே போக வேண்டாம் என்றும் வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எழுதியவருக்கு நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் இதை நம்பிச் செய்கிற ஒரு பள்ளிப் பிள்ளையின் முகம் என்ன ஆகும் என்று ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அச்சில் ஏற்றியிருக்கலாமே.

எண்ணெய் வழிவது அழுக்கினால் அல்ல. தோலுக்குள் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகளின் வேலை அது. நெற்றி, மூக்கு, தாடையில் அவை நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் முதலில் பளபளக்கும், உள்ளங்கையில் அவை கிடையவே கிடையாது. எவ்வளவு சுரப்பது என்பதைப் பெரும்பாலும் ஆண், பெண் இருவர் உடலிலும் இருக்கிற ஆண்ட்ரஜன் என்ற ஹார்மோன்களும் பரம்பரையும் முடிவு செய்கின்றன, அதனால்தான் பருவ வயதில் திடீரென்று கூடுகிறது, வயதாக ஆகக் குறைகிறது. மேலே எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் உள்ளே சுரப்பது நிற்கப்போவதில்லை. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அப்புறம் நன்றாக வியர்த்தால் ஒரு தடவை, மென்மையான ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவினால் போதும்.

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் கட்டிச் சோப்பு 9, 10 வரை போகும். சமையல் சோடா 8-க்கு மேல், எலுமிச்சைச் சாறோ 2 பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பூசினால் தோலின் பாதுகாப்புப் படலம்தான் கெடும், எரிச்சலும் சிவப்பும் மிச்சம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டுக் கொப்பளித்துக் கருத்துப்போவதும் உண்டு.

மூக்கில் இருக்கிற கரும்புள்ளியைச் சொரசொரப்பான ஸ்க்ரப்பால் சுரண்டச் சொன்னதும் சரியில்லை. அது ஒட்டிக்கொண்ட தூசி இல்லை. தோலின் நுண்துளைக்குள் அடைத்துக்கொண்ட எண்ணெயும் இறந்த செல்களும் அந்தத் துளையின் வாயில் கருத்துத் தெரிகின்றன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும், அதையும் தினமும் போடாமல் வாரத்தில் சில நாள் போட்டுப் பார்த்துத் தொடங்குவது நல்லது. பரு இருந்தால் பென்சாயில் பெராக்சைடு. 10 சதவீதம் வாங்கி முகத்தை எரித்துக்கொள்ளத் தேவையில்லை, 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் (தலையணை உறை வெளுத்துப்போகும், வெள்ளை உறையாகப் போட்டுக்கொள்ளுங்கள்). பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். நாலு நாளில் ஒன்றுமில்லை என்று அடுத்த டியூபுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம்.

மாய்ஸ்சரைசர் கண்டிப்பாக வேண்டும். எண்ணெய் இருப்பதும் ஈரப்பதம் இருப்பதும் ஒன்றல்ல, மேலே பளபளவென்று இருக்கிற முகமே உள்ளுக்குள் வறண்டு இழுத்துக்கொண்டு கிடக்கும். துளையை அடைக்காதது என்று குறிப்பிட்ட, ஜெல் மாதிரி லேசான ஒன்று போதும். பகலில் எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன்.

அந்தப் பக்கத்தில் போட்டிருந்த பெண்ணின் படத்தில் ஒரு துளைகூட இல்லை. அப்படிப்பட்ட தோல் கம்ப்யூட்டரில் மட்டும்தான் உண்டு, அதைப் பார்த்து யாரும் ஏங்க வேண்டாம் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டால்கூடப் புண்ணியம்.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். அடுத்த இணைப்பிலேயே எலுமிச்சை, சோடா குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். ஸ்டீராய்டு கலந்த வெளுப்பு கிரீம்களை இஷ்டத்துக்குப் பூசினால் பரு கூடும், தோல் மெலியும் என்பதையும், கர்ப்பிணிகள் பருவுக்குத் தரப்படும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) மருந்துகளைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணெய்ப்பசையோடு மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி அதிகமாக வளர்வது என்றெல்லாம் இருந்தால் அது கிரீமால் தீர்கிற விஷயம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வரியை மட்டும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி