பழ ஈக்களைக் காப்பவரின் சம்பளத்தை நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆராய்ச்சி நிதிக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த நிதியாண்டு முதல் எங்கள் ஆய்வகத்தின் பழ ஈ வளர்ப்புக்குத் தொகை இல்லை என்ற உங்கள் கடிதம் கிடைத்தது. "மனித நோய்களுக்கு நேரடிப் பயன் இல்லை" என்று ஒரே வரியில் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். புது நுண்ணோக்கிக்கு அனுமதி தந்ததற்கு நன்றி. ஆனால் அதன் அடியில் வைத்துப் பார்க்க ஈ வேண்டுமே.

ஒவ்வொன்றும் தனித்தனி மரபணு மாற்றம் கொண்ட எங்கள் ஈ வகைகளை விதைபோலப் பொதிந்து வைக்க முடியாது. கருவை உறைய வைக்கும் முறை பெரும்பாலான ஆய்வகங்களில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. உயிரோடுதான் காக்க வேண்டும். சோள மாவும் ஈஸ்ட்டும், கூழை உறையச் செய்யும் அகாரும் சேர்த்துக் காய்ச்சிய உணவு குப்பியின் அடியில் இருக்கும். அது காய்வதற்குள், பூஞ்சை பிடிப்பதற்குள், ஈக்களைப் புதுக் குப்பிக்குத் தட்டி மாற்றிப் பஞ்சால் அடைக்க வேண்டும். 25 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 18 டிகிரியில் மாதம் ஒருமுறை. நூற்றுக்கணக்கான குப்பிகளுக்கு இதைச் செய்பவரின் சம்பளத்தைத்தான் வெட்டியிருக்கிறீர்கள். ஓரிரு சுற்று தவறினால் ஒரு வகையே அழிந்துபோகும். அதை மறுபடி உருவாக்க, இப்போது மிச்சம் பிடிக்கும் தொகையைவிட அதிகம் செலவாகும்.

பயனைக் கேட்டீர்கள். வலிப்பு வரும் ஒரு குழந்தையின் மரபணுச் சோதனையில், இதுவரை யாரிடமும் காணாத ஒரு மாற்றம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்கு அதுதான் காரணமா? ஈயில் அதற்கு இணையான மரபணுவை நீக்குகிறோம். குப்பியைத் தட்டினால் மற்ற ஈக்கள் மேலே ஏறுகின்றன, இது அடியிலேயே தடுமாறுகிறது. மனிதரின் இயல்பான மரபணுவை அதற்குள் வைத்தால் தேறிவிடுகிறது. குழந்தையிடம் உள்ள வடிவத்தை வைத்தால் தேறுவதில்லை. அந்த மருத்துவருக்கு இது பெரிய சான்று. முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடுவதால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ 75 சதவீதத்துக்கு ஈயிடம் இணை உண்டு. பார்க்கின்சன் நோயில் பிங்க்1, பார்க்கின் என்ற இரு மரபணுக்களும் உயிரணுவில் ஒரே வேலைத்தொடரின் பகுதிகள் என்பதை 2006இல் காட்டியதும் ஈக்கள்தான். இதற்குமேல் என்ன நேரடிப் பயன் வேண்டும்?

இந்தக் குறை எங்களோடு நிற்கவில்லை. கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது, அன்றாட வேலை செய்யும் ஆளுக்குக் கிடைப்பதில்லை. நோபல் பரிசு வந்தால் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் யாரும் இல்லை. 1910இல் அமெரிக்க மரபியலாளர் தாமஸ் ஹண்ட் மார்கன் கண்ட வெள்ளைக் கண் ஈயின் வழிவந்தவை இன்றும் ஆய்வகங்களில் வாழ்கின்றன. நூறாண்டுக்கு மேலாக யாரோ ஒருவர் விடாமல் குப்பி மாற்றியதால்தான் அது நடந்தது. அந்த "யாரோ ஒருவர்" உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கோரிக்கை ஒன்றே: ஈக்களைக் காப்பவரின் சம்பளத்தைத் தொடருங்கள். மறுபரிசீலனைக்கு நேரம் ஆகும் என்றால், சரி, அதுவரை ஆறு மாதத்துக்காவது கொடுங்கள். எங்களிடம் மட்டுமே உள்ள வகைகளை வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பிவைக்கவாவது அந்த அவகாசம் தேவை.

இப்படிக்கு,
ஒரு பழ ஈ ஆய்வாளர்