குழுவில் கிடக்கும் அம்மாவின் காணி உறுதி

இணையவழியில் பிணக்குத் தீர்த்துவைக்கும் மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

திருகோணமலையிலிருந்து வணக்கம். உங்கள் மத்தியஸ்த சபையின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் விபரங்களுக்கு உங்களிடம் கிடைக்காத மரியாதை உங்கள் பெயருக்காவது கிடைக்கட்டும்.

எங்கள் வேலிப் பிணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். சாம்பல்தீவிலிருந்து டவுனுக்கு அலையத் தேவையில்லை, போனிலேயே பேசி முடிக்கலாம் என்றபோது முழங்கால் வருத்தக்காரியான அம்மாவுக்குச் சந்தோஷம். அப்புறம் வட்ஸ்அப் குழு வந்தது. காணி உறுதி, அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், எல்லாவற்றையும் "குரூப்பில போடுங்கோ" என்றீர்கள். போட்டோம். எங்களோடு சம்பந்தமே இல்லாத இன்னும் ஆறு குடும்பம் அதற்குள் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஒருவரின் எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது என்பது வரை இப்போது எனக்குத் தெரியும். எனக்கு ஏன் தெரியவேண்டும்?

விசாரணையன்று வீட்டில் சிக்னல் இல்லை. சந்தியிலுள்ள கொம்யூனிகேஷன் கடைக்குப் போனோம். ஹெட்செட் பழுது, ஸ்பீக்கரில்தான் பேசவேண்டியிருந்தது. போட்டோக்கொப்பி எடுக்க ஐந்தாறு பேர் நின்றார்கள். "புருஷன் எங்க?" என்று கேட்டீர்கள். அப்பா விட்டுப் போன கதையை அம்மா எங்களுக்கே முழுதாகச் சொன்னதில்லை. அன்றைக்கு அங்கே சொன்னா. கடைப் பெடியன் மரியாதைக்காகப் பாட்டை நிறுத்தினான். அதனால் இன்னும் தெளிவாகக் கேட்டது. இப்போது ரீலோட் போடக்கூட அம்மா அந்தக் கடைக்குப் போவதில்லை.

மூன்றாம் நாள் காணித் தரகர் ஒருவர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். உறுதி இலக்கத்தையே சொல்லி விலை கேட்டார்.

"வட்ஸ்அப் பாதுகாப்பு, நடுவில ஒருத்தரும் வாசிக்க ஏலாது" என்றார் உங்கள் உத்தியோகத்தர். சரி, நடுவில் ஏலாதுதான். நுனியில் இத்தனை பேர் இருக்கிறோமே! ஆகவே கேட்கிறேன்: அந்தக் குழுவைக் கலையுங்கள்.

புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் 500 கூட்டியிருக்கும். எண்ணைப் பார்த்தாலே ஒருவர் ஆணா பெண்ணா, என்றைக்குப் பிறந்தவர் என்று சொல்லிவிடலாம். அதைத்தான் அறியாதவர்கள் முன் போடச் சொன்னீர்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த பெரும்பகுதியைத் தள்ளிப்போட்டார்கள். இந்த நாட்டில் வரி மட்டும்தான் சொன்ன திகதிக்கு வரும். மத்தியஸ்த சபையில் சொன்னதை நீதிமன்றத்தில் சான்றாக எடுக்கக்கூடாது என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நீதிமன்றம் போகக்கூடாதது சந்திக்குப் போகலாமா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவேண்டும். தயவுசெய்து அந்தக் குழுவைக் கலையுங்கள். ஆவணங்களை அந்தந்தத் தரப்பிடம் தனியாக வாங்குங்கள். போனோ சிக்னலோ இல்லாதவர்களுக்குக் கதவு சாத்தக்கூடிய ஒரு அறை தாருங்கள், முழங்கால் நொந்தாலும் அம்மா வருவா. கலைக்கும் முன் எல்லோரையும் தங்கள் போனிலுள்ள படங்களை அழிக்கச் சொல்லுங்கள். கடைக் கணினியில் அம்மாவின் பெயரிலேயே கிடந்த உறுதிப் பிரதியை நான் போய் அழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
சாம்பல்தீவிலிருந்து ஒரு மகள்