2018ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, சங்க அங்கத்தவர்களே,

வணக்கம். கூட்டக் குறிப்புப் புத்தகம் டிசம்பர் வெள்ளத்தில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. தாள் தாளாகப் பிரித்து, முற்றத்தில் கல் வைத்துக் காயவிட்டேன். மைப் பேனையால் எழுதிய மாதங்கள் கரைந்துபோயின. குமிழ்முனைப் பேனையால் எழுதியவை தப்பின. ஆகவே சில திகதிகள் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். 2009க்கு முந்திய சங்கக் குறிப்பு ஒன்றும் எங்களிடம் இல்லை. இதுவும் போய்விடக்கூடாது என்றுதான் ஒரு கிழமை மினக்கெட்டேன்.

புனரமைத்த கிளிநொச்சி இரணைமடுக் குளம் டிசம்பர் தொடக்கத்தில் திறந்துவைக்கப்பட்டபோது எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அணைக்கட்டை உயர்த்தியாயிற்று, இனிக் கோடைகாலச் சிறுபோகத்துக்குக் கூடுதல் ஏக்கர் கிடைக்கும் என்று பேசிக்கொண்டு வந்தோம். அந்த மாதம் 21ஆம் திகதி இரவு கனகராயன் ஆறு வயல், வாய்க்கால், றோட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது. காலபோக நெல் குடலைப் பருவத்தில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சில வயல்களில் வரம்பே தெரியவில்லை, மணல்தான். வான்கதவுகளை எத்தனை மணிக்குத் திறந்தார்கள், ஏன் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டு எழுதினோம். பதில் வரவில்லை. இழப்பீட்டுப் படிவங்களைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்திருக்கிறோம்.

கடன் விசயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். கூரை போட்டதும் காசு முடிந்தவர்கள் கதவுக்கும் மலசலகூடத்துக்கும் நுண்கடன் எடுத்தார்கள். அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கொம்பனியில் எடுத்தார்கள். கணவர் இல்லாத வீடுகளில்தான் இது கூடுதல். கிழமைக்காசு சேர்க்கிற நாளில் ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள எல்லோரும் பொழுதுபடும் வரை குந்தியிருக்க வேண்டும். வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் இந்த வருடம் அறிவித்தது. நல்லது. ஆனால் அது கட்டாமல் நிலுவை விழுந்தவர்களுக்குத்தான். தாலிக்கொடியை அடகுவைத்து ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு ஒன்றும் இல்லை. வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள் ஒரு கொம்பனித் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். கொப்பி ஊறிப்போயிற்று என்று காட்டினோம். “பரவாயில்லை அக்கா, எங்கட கொம்பியூட்டரில கிடக்கு” என்றார்.

எங்கள் சுழற்சி நிதியில் பசு, கோழி, தையல் மெசின் என்று சிறு கடன் கொடுக்கிறோம். வெள்ளத்துக்குப் பிறகு மூன்று மாதத் தவணையை நிறுத்திவைத்தோம். பொருளாளருக்கு இதில் விருப்பமில்லை. அவர் சொன்ன நியாயமும் பதிவாகியிருக்கிறது.

எங்கள் ஊரில் மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிற வீடுகள் முகமாலையில் கண்ணிவெடி அகற்றப் போகும் பெண்களுடையவை. மிதிவெடி தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. நிலம் துப்புரவாகட்டும். அதன் பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று பிரதேச செயலகக் கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

தாய்சேய் கிளினிக் பொதுநோக்கு மண்டபத்தில் மாதாமாதம் நடக்கிறது. தராசு மாற்ற வேண்டும். ஜூலையிலிருந்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற இலவச அம்புலன்ஸ் வடக்குக்கும் வந்துவிட்டது. பாம்பு கடித்த ஒருவருக்காக நாங்கள் அழைத்தபோது “வீதியின் பெயர் என்ன?” என்று கேட்டார்கள். எங்கள் ஒழுங்கைக்கு ஏது பெயர்? கடைசியில் ஒரு பையன் ரோச்லைட்டுடன் சந்தியில் போய் நின்றான், வண்டி வந்து சேர்ந்தது. ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. வெள்ளத்துச் சேற்றில் பழுதான செயற்கைக் கால்களைத் திருத்த யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போக வேண்டியவர்கள் பெயர் தரவும்; ஒரே வானில் போகலாம்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்துக்கு எங்கள் அம்மாமாரும் போய்வருகிறார்கள். அவர்களுடைய பஸ் காசைச் சங்கம் கொடுக்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அது அரசியல், சங்கத்தின் பதிவு போய்விடும் என்றார்கள் சிலர். சரி, சங்கக் காசு வேண்டாம் என்று முடிவானது. கூட்டம் கலைந்ததும் வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி வைக்கப்பட்டது. அதற்குக் கணக்கு இல்லை, நானும் எழுதவில்லை.

நிவாரண நாட்களில் தெற்கிலிருந்து ஒரு லொறி வந்தது. எங்கள் ஐயா ஒருவர், எண்பதுக்கு முன் அங்கே பேக்கரியில் பழகிய சிங்களத்தில் அந்தப் பொடியன்களைச் சாப்பிடச் சொன்னார். சோறும் பருப்பும்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு, கேட்காமலே கிணறு இறைக்க நின்றார்கள்; இருட்டித்தான் போனார்கள். சமாதானம் என்று தலைப்புப் போட்ட செயலமர்வுகள் பலவற்றில் கையெழுத்து வைத்திருக்கிறேன். எனக்கு நினைவில் நிற்பது இந்தக் கிணறுதான்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். வெள்ள நேரம் சமையலுக்கு எடுத்த சங்கத்தின் பெரிய கிடாரம் ஒன்றும் இரண்டு அகப்பையும் இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் மண்டபத்தில் கொண்டுவந்து வைக்கவும். யாரென்று கேட்கமாட்டோம்.

செயலாளர்