பரம்பரையலகுகள் சாவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், முதுமையில் மயிர்வேரின் பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) 'செத்துவிடுவதால்' தலைமுடி குறைகிறது என்று எழுதப்பட்டிருந்தது. திருகோணமலையில் நெடுங்காலம் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த ஒரு சொல்லை மறுக்க விரும்புகிறேன்.

ஒவ்வொரு மயிர்ப்புடைப்பின் (முடி முளைக்கும் தோற்குழியின்) பக்கத்திலும் சிறிய வீக்கமொன்றில் தங்கியிருக்கும் குருத்துக்கலங்களே (புதிய உயிர்க்கலங்களைத் தரவல்ல மூலக்கலங்களே), பழைய முடி உதிர்ந்தபின் புதியதை முளைக்கச் செய்கின்றன. வயதேறும்போது இக்கலங்களின் பரம்பரையலகுகள் காணாமற் போவதில்லை. எவை வாசிக்கப்படுகின்றன, எவை வாசிக்கப்படாமல் அடங்கிக்கிடக்கின்றன என்பதே மாறுகிறது. முதிய சுண்டெலிகளில், குருத்துக்கலங்களை அவற்றின் இருப்பிடத்தோடு பிணைத்துவைக்கும் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகளின் செயற்பாடு தாழ்ந்திருப்பதை, அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டனர். பிணைப்புத் தளர்ந்த கலங்கள் மயிர்ப்புடைப்பைவிட்டு நழுவிச் சுற்றியுள்ள சருமத்துக்குள் வெளியேறுவதை, உயிருள்ள எலியின் தோலிலேயே நுணுக்குக்காட்டி வழியாக அவர்கள் பார்த்தனர். அப்பிணைப்பை ஆளும் ஃபொக்ஸ்சி-1, என்ஃபாட்சி-1 என்னும் இரு பரம்பரையலகுகளையும் நீக்கியபோது எலிகள் இளவயதிலேயே முடியை இழந்தன. அதற்கு முன்னரே, 2016இல், டோக்கியோ ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டியிருந்தனர்: டிஎன்ஏ சேதத்தின் விளைவாக 17ஆம் வகைக் கொலாஜன் என்னும் புரதம் சிதைய, குருத்துக்கலங்கள் மேற்றோற் கலங்களாக மாறி, ஈற்றில் தோலிலிருந்து உதிர்ந்துபோகின்றன.

'செத்துவிட்டன' என்பதற்கு நேரெதிரான சான்று 2020இல் வந்தது. முதிய எலியின் குருத்துக்கலங்களை இளஞ்சருமத்தோடு சேர்த்தபோது அவை மீண்டும் முடி வளர்த்தன. முதிய சருமத்தோடு சேர்த்தபோது இளங்கலங்கள்கூடத் தடுமாறின. ஆகவே, கலத்தைப் போலவே அது குடியிருக்கும் இடமும் மூப்படைகிறது. இவை பெரும்பாலும் எலிகளில் கண்டவை என்பதால், மருந்து நாளையே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

சொல்லொன்றுக்காக இவ்வளவு எழுதக் காரணம், 'செத்த மரபணுவை உயிர்ப்பிக்கும்' என்ற வாசகத்தோடு எண்ணெய்ப் போத்தலொன்று இங்கே நல்ல விலைக்கு விற்கப்படுவதுதான். (தலைக்கு எண்ணெய் வைப்பதில் எனக்கு எந்தப் பகையும் இல்லை, நானும் வைக்கிறேன்.) டெங்குக் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்களின் பின் கொத்தாக முடி கொட்டுவது முதுமையோடு தொடர்பற்றது, பெரும்பாலும் தானே மீள்வது என்பதை அறியாமல், இளம்பிள்ளைகளும் அதை வாங்குகிறார்கள். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.