கறுப்பு மை எல்லாம் ஒரே கறுப்பு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இங்க் பேனா திரும்பவும் வருதுன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லா இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா கடைசி பாராவுல கறுப்பு மை வாங்குறவங்க எது கருகருன்னு இருக்கோ அத வாங்கினா போதும்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு பொறுக்கல. அந்த கருகருவ நம்பி நல்லா பட்டவன் நான்.

நான் மனு எழுதி கொடுக்குற ஆளு. திங்கக்கிழமை குறைதீர் நாள்னா காலைல ஏழு மணிக்கே கலெக்டர் ஆபீஸ் புங்கமரத்தடில பலகைய போட்டு உக்காந்துருவேன், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கா ஆக்கிரமிப்பு, ரேஷன் கார்டுல பேர் சேக்குறதுன்னு ஒரு நாளைக்கு பதினஞ்சு இருபது மனு ஓடும். பக்கத்துலயே கம்ப்யூட்டர் சென்டர் இருக்கு, இருந்தாலும் கையில இருபது முப்பது ரூபாயோட வர்றவங்களும் கரண்ட் போன நேரத்துல வர்றவங்களும் நம்மகிட்டதான் வருவாங்க. பால்பாயிண்ட்ல எழுதிட்டு போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க, நியாயம்தான், அதோட மை எண்ணெய் சேந்தது, தண்ணில அவ்வளவு சுலபத்துல கரையாது, அத நானே ஒத்துக்குறேன். ஆனா அத அழுத்தி எழுதணும், பத்து மனு தாண்டினா கட்டைவிரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் இழுக்கும். இங்க் பேனாவ பேப்பர் மேல வெச்சு நகத்தினா போதும், எழுத்து தானா வரும். என்கிட்ட இருக்குறது கடைசல்ல கடைஞ்செடுத்த எபோனைட் பேனா, கழுத்த திருகி கழட்டி ஃபில்லரால சொட்டு சொட்டா ஊத்துற பழைய மாடல்.

இப்ப பட்ட கதைக்கு வர்றேன். ஒரு ஐப்பசி மாசம், மூணு நாளா விடாத மழை. ஒரு பாட்டி முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிட்டு போனாங்க. எழுதினது புதுசா வாங்கின மை, கடைக்காரர் தொட்டு காட்டினப்ப அடுப்புக்கரி மாதிரி இருந்துச்சுன்னு ஆசப்பட்டு வாங்கினது, கம்பெனி பேர் போட்டா நீங்க பிரசுரிக்க மாட்டீங்க, விட்டுருங்க. பாட்டி அத நாலா மடிச்சு மஞ்சப்பையில வெச்சிருக்காங்க, பை நனைஞ்சிருக்கு. உள்ள போய் பிரிச்சா மடிப்புக்கு மடிப்பு ஊதா ஊதாவா பூ பூத்த மாதிரி ஒரு கறை, நடுவுல அங்கங்க ரெண்டெழுத்து. உள்ள இருந்தவங்க மேல ஒரு தப்பும் இல்ல, கடவுளே வந்தாலும் அத படிச்சிருக்க முடியாது. பாட்டி திரும்பி எங்கிட்ட வந்து மறுபடி எழுதி கொடு தம்பின்னு நிக்கிறாங்க, அதுக்குள்ள கூட்டம் கலைஞ்சு போச்சு, இன்னும் ஒரு வாரம் காத்திருக்கணும். எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல. அதுவும் கவனிங்க, கறுப்பு மைன்னு வாங்கினது எப்படிங்க ஊதாவா கரைஞ்சுது?

அன்னிக்கு ராத்திரியே பொண்ணோட ஸ்கூல் பையிலேர்ந்து ஒரு சாக்பீஸ் எடுத்தேன். அடியிலேர்ந்து ஒரு விரக்கடை மேல அந்த மைல ஒரு வளையம் போட்டு, தட்டுல கொஞ்சூண்டு தண்ணி விட்டு, வளையம் தண்ணிய தொடாம நிக்க வெச்சேன். தண்ணி சாக்பீஸ்ல ஏற ஏற அந்த கறுப்பு பிரிஞ்சுது, நீலம் முன்னாடி ஓடுது, பின்னாடியே ஊதா, கீழ அழுக்கு மஞ்சளா ஒரு பட்டை, அசல் கறுப்புன்னு ஒண்ணுமே இல்ல. பள்ளிக்கூடத்துல குரோமட்டோகிராபின்னு சொல்லி தர்றது இதுதான்னு பொண்ணு சொல்லித்தான் தெரியும். கறுப்பு மை நிறைய இப்படித்தானாம், ரெண்டு மூணு சாயத்த கலந்து கண்ணுக்கு கறுப்பா காட்டுறது. 1931-ல வந்து உலகம் பூரா ஓடின பார்க்கர் குவிங்க் கறுப்பையே இப்படி பிரிச்சு பாத்தா நீலம் தனியா வரும், நிறைய ஸ்கூல்ல இந்த பாடத்துக்கு அந்த மையதான் எடுத்துக்குறாங்க. இது குத்தம் இல்ல, சாய மைன்னா அப்படித்தான், வாங்குறவனுக்கு அது தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

சாய மை, கரி மை ரெண்டும் வேற சாதி. சாயம் உப்பு மாதிரி, தண்ணில முழுசா கரைஞ்சு நிக்கும், மறுபடி தண்ணி பட்டா மறுபடி கரையும். கரி கரையவே கரையாது, கண்ணுக்கு தெரியாத பொடியா மிதந்துகிட்டே இருக்கும், பேப்பர்ல இறங்கி காஞ்சிட்டா சுவத்துல அடிச்ச சுண்ணாம்பு மாதிரி பிடிச்சுக்கும். நம்ம ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல. ஓலைச்சுவடில எழுத்தாணியால கீறிட்டு விளக்குக்கரிய எண்ணெயில குழைச்சு தடவி துடைச்சா கீறல்ல மட்டும் கறுப்பு நிக்கும். எங்க மாவட்டத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சா. ஊர் ஊரா அலைஞ்சு சேத்தாரே, அந்த சுவடிங்கள்லாம் இந்த மாதிரிதான். ஓலைய செல் அரிச்சிருக்கும், ஆனா இருக்குற எழுத்து வெளுத்து போறதில்ல.

மூணாவதா ஒண்ணு இருக்கு, இரும்பு மை. நாட்டு மருந்து கடையில மாசிக்காயும் அன்னபேதியும் கிடைக்கும் பாருங்க, அது ரெண்டும் சேந்தா மைதான், வெள்ளக்காரன் பல நூறு வருஷம் இதுலதான் எழுதினான். சும்மா இருக்க மாட்டாம நானும் ஒரு நாள் மாசிக்காய இடிச்சு ஊற வெச்சு, வடிகட்டி, அன்னபேதிய போட்டு, கொஞ்சம் கருவேலம் பிசினும் சேத்து பாத்தேன். தொட்டு எழுதுற நிப்புல எழுதினா முதல்ல வெளிறின சாம்பல் நிறம்தான், ஏமாந்துட்டோம்னு நினைச்சு வெச்சிட்டு போயிட்டேன், சாயங்காலம் வந்து பாத்தா எழுத்து கறுத்து நிக்குது. காத்து பட பட இரும்பு மாறி கறுக்குதாம். தண்ணில போட்டாலும் அசையல. ஆனா தயவுசெஞ்சு இத படிச்சிட்டு யாரும் காய்ச்சி இங்க் பேனால ஊத்திடாதீங்க, அடியில வண்டல் கட்டும், புளிப்பு ஜாஸ்தி, இரும்பு நிப்ப அரிச்சிரும். இன்னொண்ணு, படம் வரையுறவங்க வெச்சிருக்குற வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க், அதுல நிறைய சரக்குல அரக்கு சேத்திருப்பாங்க. நம்ம வீட்டு பையன் ஒருத்தன் நல்ல எண்ணத்துல மாமா பேனாவுக்கு நனையாத மை ஊத்துறேன்னு அத ஊத்தி வெச்சிட்டான், ரெண்டே நாள்ல நிப்புக்கு அடியில இருக்குற நாக்கு முழுக்க இறுகிப்போய் ரிப்பேர்காரர் கையெடுத்து கும்பிட்டாரு.

இதுக்கப்புறம் நான் மை வாங்குற விதமே மாறிப்போச்சு. கடைல விரல்ல தொட்டு பாக்குறதையும், வழவழன்னு விலை ஒசந்த நோட்டுல எழுதி பாக்குறதையும் விட்டுட்டேன். நான் தினமும் எழுதுற அதே மலிவு ஏ4 தாள், அதே பேனா, அவ்வளவுதான். ஒரே மை ஒரு பேனால கறுப்பாவும் இன்னொண்ணுல சாம்பலாவும் வரும், நிப்பு எவ்வளவு மை விடுதோ அத பொறுத்தது, அதனால அடுத்தவங்க சொல்றத கேட்டு மை வாங்குறது அடுத்தவங்க செருப்ப போட்டு பாக்குற மாதிரிதான். முதல்ல வழக்கமா எழுதுற ரெண்டு வரி எழுதுவேன், 'மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள் சமூகத்திற்கு'ன்னு, அதுல எல்லா சுழியும் வந்துரும். மலிவு தாள்ல மை நாரு வழியா ஊறி எழுத்துக்கு மீசை முளைக்கும், 'ஷ'வும் 'ஜ'வும் அடைச்சு போயிரும், பின்பக்கம் திருப்பினா அங்கயும் தெரியும். நான் பாத்த வரைக்கும் கருகருன்னு இருக்குற மை அதிகமா இதத்தான் பண்ணுது, காயுறதும் லேட்டு. அடுத்து அஞ்சு எண்ணி ஒரு எழுத்த விரலால தேய்ப்பேன், பத்து எண்ணி அடுத்தது, இருபது எண்ணி அடுத்தது. இருபதுலயும் இழுசுற மை நமக்கு ஆகாது, எழுதி முடிச்சதும் கைநாட்டு வைக்க ஆளுங்க தாள பிடிச்சுருவாங்க, சித்திரை வெயில்ல அவங்க கைலயும் வேர்வை நம்ம கைலயும் வேர்வை.

அப்புறம் தண்ணி. காஞ்சு ஒரு நாள் கழிச்சு எழுத்து மேல ஒரு சொட்டு வெச்சு ஒரு நிமிஷம் விட்டு ஒத்தி எடுப்பேன். சிலது முழுசா போயிரும், சிலதுல ஒரு நிறம் ஓடிட்டு அடியில சாம்பல் கோடு நிக்கும். அந்த கோடு படிக்கிற மாதிரி இருந்தா எனக்கு போதும், அழகா வேற இருக்கணும்னு நான் கேக்கல. வெயில் சோதனைக்குத்தான் நாள் எடுக்கும், எழுதின தாள்ல பாதிய அட்டையால மூடி தெற்கு ஜன்னல்ல ஒரு மாசம் ஒட்டி வெச்சேன், பிரிச்சப்ப ஒரு மை டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்துச்சு. மூடிய திறந்து அஞ்சு நிமிஷம் வெச்சிட்டு எழுதுதான்னும் பாப்பேன், எங்க தொழில்ல பேனாவ திறந்து வெச்சுக்கிட்டு அவங்க கதைய கேக்குற நேரம்தான் ஜாஸ்தி.

எல்லாத்துக்கும் மைய மட்டும் திட்டவும் கூடாது. என் பேனா மாதிரி கட்டைல நேரா மை ஊத்துற பேனால மை மூணுல ஒரு பங்குக்கு கீழ போனா கை சூட்டுல உள்ள காத்து விரிஞ்சு பொத்துனு கக்கும், அதுக்கு மை என்ன பண்ணும், நேரத்துக்கு ரொப்பிக்கணும். எங்க ஊர் போர் தண்ணில உப்பு, அதுல பேனா கழுவினா காயும்போது உப்பு பூத்து அடைக்கும், நான் டிஸ்டில்டு வாட்டர்லதான் கழுவுறேன். ஒரு மை மேல இன்னொரு மைய ஊத்தி கலக்குறதும் வேண்டாம், திரிஞ்ச பால் மாதிரி ஆனத பாத்திருக்கேன்.

கடைசில எது தேறிச்சுன்னு கேட்டா, அக்கா பையன் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்த செய்லர் கிவாகுரோ. ஜப்பான்காரன் சரக்கு, ரொம்ப நுணுக்கின கரி மை, பேனாவுக்குன்னே பண்ணது. பிளாட்டினம் கார்பன்னு ஒண்ணும் இருக்கு, அதுவும் அதே ஜாதிதான். மலிவு தாள்ல மீசை இல்ல, தாள குழாய்க்கு கீழ பிடிச்சேன், எழுத்து அப்படியே இருந்துச்சு. ஆனா தினமும் எழுதுறவனுக்குத்தான் அது, பத்து நாள் பேனாவ மூடி போட்டு மறந்தா காஞ்சு அடைச்சுக்கும், நான் ஞாயித்துக்கிழமை தோறும் கழுவிடுறேன். விலையும் நம்ம ஊர் மை மாதிரி பல மடங்கு, மனுவுக்கு முப்பது ரூபா வாங்குறவனுக்கு கட்டுப்படி ஆகாது. அதனால இப்ப ரெண்டு பேனா வெச்சிருக்கேன். பேரு, ஊரு, சர்வே நம்பர், போன் நம்பர், இந்த நாலும் கரி மைல. 'ஐயா, நான் மேற்படி முகவரியில்'னு ஆரம்பிக்கிற மீதி கதையெல்லாம் நம்ம ஊர் சாய மைல. நனைஞ்சாலும் யாரோட மனுன்னாவது தெரியும்ல. ஒரே தாள்ல ரெண்டு கறுப்பு இருக்கேன்னு ஒருத்தர் கேட்டாரு, விளக்கி சொன்னேன், சிரிச்சிட்டு போனாரு.

கறுப்பு மைன்னாலே ஜனங்களுக்கு ஒரு பயமும் இருக்கு. 2025 ஜனவரில கறுப்பு மைல செக் எழுதினா செல்லாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லிட்டதா வாட்ஸாப்ல ஓடுச்சே, அது பொய்னு மத்திய அரசோட பத்திரிகை தகவல் அலுவலகம், அதான் பி.ஐ.பி., மறுப்பு போட்டாங்க. இன்னமும் வாரத்துக்கு ஒருத்தராவது மனுவ கறுப்புல எழுதலாமான்னு கேக்குறாங்க. ஜெராக்ஸ் எடுத்தா, ஸ்கேன் பண்ணினா கறுப்புதான் பளிச்சுன்னு விழும், அதனால எழுதுறது கறுப்புல. ஒரிஜினல் எது காப்பி எதுன்னு தெரியணும்ல, அதுக்காக கையெழுத்த மட்டும் நீலத்துல போட சொல்றேன்.

உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். மை கம்பெனிங்க பாட்டில்ல இது சாய மையா, கரி மையா, தண்ணிக்கு தாங்குமா தாங்காதான்னு ஒரு வரி தமிழ்ல போடணும்னு உங்க பத்திரிகைல எழுதுங்க. பேர வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. பைலட் கம்பெனில டகே-சுமின்னு ஒரு மை, மூங்கில் கரின்னு அர்த்தமாம், ஆனா அது சாய மை. முன்னெல்லாம் குவிங்க் பாட்டில்ல பர்மனென்ட், வாஷபிள்னு பிரிச்சு போட்டிருப்பான், வாங்குறவனுக்கு எது துணில போகும், எது போகாதுன்னு கொஞ்சமாவது தெரியும். அந்த அளவுக்காவது இப்ப போடலாம்ல?

இந்த கடிதத்த நான் சொல்ல சொல்ல பொண்ணு போன்ல டைப் பண்ணி மெயில்ல அனுப்புறா. அஞ்சு மைல எழுதின தாள தனியா தபால்ல போட்டிருக்கேன், பாட்டில் பேர் எதுவும் எழுதல, நம்பர் மட்டும்தான் இருக்கும். கட்டுரை எழுதினவர்கிட்ட கொடுத்து எது ரொம்ப கறுப்புன்னு முதல்ல கேளுங்க, அவர் விரல் வெச்சதும் தாள ஒரு டம்ளர் தண்ணில போடுங்க.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
திருவாரூர் மாவட்டம்